மயில் மீனா, கறுப்பு மார்லினா: பழைய படத்தில் இருப்பதை எப்படி உறுதி செய்வது?

கேள்வி (குளுவாங் மருமகன்):
வணக்கம். குளுவாங் பக்கத்துச் செம்பனைத் தோட்டமொன்றில் முப்பது ஆண்டுகள் உழைத்து ஓய்வு பெற்ற என் மாமனார், இளவயதில் மலேசியக் கிழக்குக் கரையின் ரொம்பின் கடலில் பிடித்த பெரிய மீனின் படத்தை முன்கூடத்தில் மாட்டி வைத்திருக்கிறார். அலகு ஈட்டிபோல் நீண்டிருந்தாலும் முதுகில் படகின் பாய் போன்ற துடுப்பு தெரியாததால், அது மார்லின் என்றே வீட்டில் அனைவரும் சொல்லி வந்தோம். சென்ற வாரம் வந்த உறவினர் ஒருவர் அது 'லாயாரான்', அதாவது மயில் மீன் என்கிறார். எந்த அடையாளத்தைக் கொண்டு பிரித்தறிவது? ஆகஸ்டில் மாமாவை மறுபடியும் அங்கே அழைத்துச் செல்ல எண்ணியுள்ளேன்; மார்லினுக்கு முயலலாமா?

பதில் 1 (எண்டாவ் படகுக்காரர்):
தம்பி, பாய் தெரியவில்லை என்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள். மயில் மீன் முதுகுத் துடுப்பை விரித்தால் அது உடலின் உயரத்தையே மிஞ்சும். மடக்கினாலோ முதுகிலுள்ள பள்ளத்துக்குள் இறங்கி, வெறும் கோடாகிவிடும். நீங்கள் பார்க்க வேண்டியது வயிற்றுப் பக்கம். மயில் மீனுக்கு அங்கே நாடாபோல் மெலிந்து நீண்ட இரண்டு துடுப்புகள் இருக்கும். மார்லினுக்கு அவை குட்டை. அடுத்தது மார்புத் துடுப்பு: வளர்ந்த கறுப்பு மார்லினுக்கு அது விமானச் சிறகுபோல் விறைத்து நிற்கும், உடலோடு ஒட்டி மடக்கவே முடியாது. மயில் மீனுக்கு எளிதில் மடங்கும். நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். படகோரம் வரும்போது மயில் மீனின் விலாவில் நீலக் கோடுகள் விளக்கேற்றியதுபோல் ஒளிரும். உயிர் போனதும் அந்த ஒளியெல்லாம் வடிந்து சாம்பல் பூத்துவிடும்.

மார்லினுக்காக ரொம்பினுக்குச் செல்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன். நம் கிழக்குக் கரைக் கடல் ஆழமற்றது. சிறுமீன் கூட்டங்களைத் துரத்தி வரும் மயில் மீனுக்கே அது உகந்தது. பெரிய கறுப்பு மார்லினைத் தேடுவோர் செப்டம்பர் முதல் டிசம்பர் வரை ஆஸ்திரேலியாவின் கெய்ன்ஸ் நகருக்கு அப்பால், பவளத்திட்டின் வெளி விளிம்புக்குச் செல்கின்றனர்.

பதில் 2 (சிகாமட் ஓய்வுபெற்ற ஆசிரியர்):
படகுக்கார ஐயா சொன்னதோடு எடையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தூண்டிலில் பிடித்த கறுப்பு மார்லினுக்கான உலகச் சாதனை, 1953இல் பெரு நாட்டின் காபோ பிளாங்கோவில் பிடிபட்ட 707.61 கிலோ மீன். பசிபிக் மயில் மீனுக்கோ 1947இல் எக்குவடோரில் பதிவான 100.24 கிலோதான். இரண்டும் ஒரே குடும்பம் என்றாலும், ஒன்றுக்கான ரீலும் தங்கூசியும் (தூண்டில் நூலும்) மற்றதற்குப் பொருந்தா. மயில் மீன் மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் நீந்தும் என்று இன்னும் பல இடங்களில் எழுதுகிறார்கள். அண்மைய ஆய்வுகள் அதை ஏற்பதில்லை. தசை சுருங்கும் நேரத்தைக் கொண்டு கணக்கிட்டால் அது மணிக்கு 36 கிலோமீட்டரைத் தாண்டுவது அரிது. அதன் திறமை அலகில் இருக்கிறது: மத்திக் கூட்டத்துக்குள் அலகை மெல்ல நுழைத்துச் சட்டென்று பக்கவாட்டில் வெட்டி, அடிபட்டு விலகும் மீனை விழுங்கும்.

பதில் 3 (எண்டாவ் படகுக்காரர்):
ஒரு வேண்டுகோள். மயில் மீனைப் பிடித்தால் உயிரோடு கடலிலேயே திரும்ப விடுங்கள். அதற்கு, உயிருள்ள இரையோடு வட்ட முள்ளையே (நுனி உள்நோக்கி வளைந்த தூண்டில் முள்) பயன்படுத்துங்கள். அது பெரும்பாலும் வாயின் ஓரத்தில் மாட்டுவதால், மீன் முள்ளை வயிற்றுக்குள் விழுங்குவது குறையும். படத்துக்காக மீனைப் படகுக்குள் இழுத்துப் போடாதீர்கள். கையுறை அணிந்து அலகைப் பிடியுங்கள், ஏனெனில் அது நாம் சாபிட் (செம்பனைக் குலை வெட்டும் அரிவாள்) தீட்டும் அரம்போலச் சொரசொரப்பானது. படகை மெதுவாக முன்னே செலுத்தினால் செவுளில் தண்ணீர் ஓடும். மீன் தானாக உடலை உதறத் தொடங்கியதும் கையை விடுங்கள்.

குளுவாங் மருமகன்:
படத்தைச் சுவரிலிருந்து இறக்கி, கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தேன். வயிற்றின் கீழே, மாமாவின் முழங்காலை ஒட்டி, அந்த இரண்டு நாடாக்களும் தெளிவாகத் தெரிகின்றன. மாமாவிடம் காட்டினேன், கைவிரலால் அவற்றைத் தடவிப் பார்த்தவர், இந்த முறை மீனைத் தண்ணீரிலேயே விட்டுவிடலாம் என்று அவரே சொன்னார். ஆகஸ்டில் உங்கள் படகில் எங்கள் இருவருக்கும் இடம் இருக்குமா, ஐயா?