வெளிச்சுவர் பெயிண்டுக்கு முன்னால்: பிரஷர் வாஷா, கம்பி பிரஷா?

முற்றம்:
நாகப்பட்டினம் பக்கம் ஒரு மாடி வீடு. செங்கல் கட்டு, சிமெண்ட் பூச்சு, மேலே பழைய சிமெண்ட் பெயிண்ட். வடக்குச் சுவர் முழுக்கப் பாசி கறுத்துக் கிடக்கிறது. மற்ற சுவர்களில் கை வைத்தால் மாவு ஒட்டுகிறது. தை பிறந்ததும் எக்ஸ்டீரியர் எமல்ஷன் (வெளிச்சுவருக்கான பெயிண்ட்) அடிக்கத் திட்டம். ஒரு ஒப்பந்தக்காரர் பிரஷர் வாஷ் மெஷின் (தண்ணீரை அழுத்தத்தோடு பீய்ச்சுவது) வைத்துக் கழுவியே ஆகவேண்டும் என்கிறார். இன்னொருவர் மெஷினைச் சுவர் பக்கமே கொண்டுவரக் கூடாது என்கிறார். காரணத்தோடு சொல்லுங்கள்.

நீர்த்தாரை:
கழுவித்தான் ஆகவேண்டும். கையில் ஒட்டுகிற அந்த மாவுதான் முதல் எதிரி. பழைய பெயிண்ட் வெயிலில் காய்ந்து பிடிப்பு விட்டுப் பொடியாகிவிட்டது. அதன்மேல் பிரைமர் (பெயிண்டுக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சு) அடித்தால் பிரைமர் பொடியைப் பிடிக்கும், பொடி சுவரைப் பிடிக்காது. அடுத்த மழைக்கு அப்பளம் மாதிரி உரிந்து வரும். உரிந்த தகட்டைத் திருப்பிப் பாருங்கள், பின்பக்கம் வெள்ளை மாவு அப்பியிருக்கும். கம்பி பிரஷ் போட்டால் பாதிப் பொடி கீழே விழும், மீதி பூச்சின் துளைகளுக்குள் போய் அடைந்துகொள்ளும். அதை வெளியே தள்ளுவது தண்ணீர்தான்.

தண்ணீரின் அழுத்தம் 80 முதல் 100 பார் போதும். பச்சை நாசில் (தாரை 25 டிகிரி விரியும் முனை) அல்லது வெள்ளை நாசில் (40 டிகிரி), சுவரிலிருந்து ஒன்றரை அடி தள்ளி. சிவப்பு நாசில் (0 டிகிரி) பெட்டியிலேயே இருக்கட்டும். அது பூச்சில் கோடு கிழிக்கும். கிழிந்த இடத்தில் மணல் பருக்கை பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கும், அப்புறம் பட்டி பார்த்தாலும் வெயில் சாய்வாக விழும்போது அந்தக் கோடு தெரியும்.

சாரக்கட்டு:
நீர்த்தாரை அண்ணே, மாவு போகணும்ங்கிறதுல சண்டையே இல்ல. தண்ணி எங்க போகுதுங்கிறதுதான் சண்டை. சன்ஷேடு சுவரோட சேர்ற இடம், ஜன்னல் சட்டத்தைச் சுத்தி இருக்கிற இடுக்கு, வென்டிலேட்டர், கைப்பிடிச்சுவர் தலைப்பு, இத்தனையும் வெளிச்சுவர்ல திறந்த வாய். மழை மேலேருந்து விழுது. மெஷின் தண்ணி நேரா, சில சமயம் கீழேருந்து மேல ஏறுது. சன்ஷேடுக்கு அடியில மேல் நோக்கி அடிச்சா மூணாம் நாள் உள்சுவர்ல ஈரம் படரும்.

ரெண்டாவது, பூச்சு விட்டுப்போன இடம். சுத்தியல் பிடியால தட்டிப் பாருங்க. கெட்டியான இடம் 'டக்'னு சொல்லும், விட்ட இடம் பானை மாதிரி 'பொத்'னு சொல்லும். அங்க மெஷின் அடிச்சா ஒரு சதுர அடி சேதம் அஞ்சு சதுர அடி ஆகும்.

நீர்த்தாரை:
தட்டிப் பார்ப்பதைக் கழுவுவதற்கு முன்னால் செய்தால் தீர்ந்தது. பொத்தென்ற இடத்தைச் சாக்பீஸால் வட்டம் போட்டு, கொத்தி எடுத்துவிட்டு, பிறகு கழுவலாம். மெஷின் பெயர்க்கிற பூச்சு எப்படியும் பெயிண்டோடு விழப்போகிற பூச்சுதான். சன்ஷேடு அடியைக் கையால் தேய்த்துக் கழுவட்டும், அதை ஒப்புக்கொள்கிறேன்.

கல்மண்:
இருவரும் உப்பை விட்டுவிட்டீர்கள். கடலோரம் என்கிறார், ஆகவே முதலில் கேட்க வேண்டியது போர் தண்ணீர் என்ன சுவை என்பது. மெஷின் நிமிடத்துக்கு ஏறக்குறைய 6 லிட்டர் இழுக்கும், மணிக்கு 360 லிட்டர். 1000 லிட்டர் தொட்டி மூன்று மணி நேரம்கூட வராது. அத்தனை உப்புத் தண்ணீரையும் பூச்சு குடித்துக்கொண்டால், தண்ணீர் ஆவியாகி உப்பு மேலே வரும். பெயிண்டுக்கு அடியில் அது படிகமாகும்போது பெயிண்டைத் தூக்கிவிடும். போர் தண்ணீர் கரித்தால் லாரியில் நல்ல தண்ணீர் வாங்குங்கள், அல்லது மெஷினை மறந்துவிடுங்கள்.

சுவரிலேயே ஏற்கெனவே உப்பு பூத்திருந்தால் அதை முதலில் காய்ந்த பிரஷால் தட்டி, கீழே விழுந்ததைக் கூட்டி அள்ளிவிட வேண்டும். தண்ணீர் பட்டால் உப்பு கரைந்து திரும்ப உள்ளே போய்விடும். அதோடு, உப்பு பூக்கிற இடத்துக்குப் பின்னால் குளியலறையோ தொட்டி பைப்போ இருக்கிறதா என்று பாருங்கள். கசிவை அடைக்காமல் வெளியே என்ன செய்தாலும் நிற்காது.

சாரக்கட்டு:
கல்மண் சார் சொன்னதுதான் என் கட்சி. காய்ஞ்ச கம்பி பிரஷ், 80 நம்பர் உப்புத்தாள், அப்புறம் ஈரத்துணி. சுவரு ஒரு நாள்ல காயும்.

நீர்த்தாரை:
வடக்குச் சுவர்ப் பாசிக்கு ஈரத்துணியா? கம்பி பிரஷ் பாசியின் தலையை மட்டும்தான் வெட்டும், வேர் மாதிரி உள்ளே ஓடுகிற இழை அப்படியே இருக்கும். ஆனால் ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும்: வெறும் மெஷினும் அதையேதான் செய்யும். பச்சை போய்ச் சுவர் பளிச்சென்று ஆனதும் வேலை முடிந்தது என்று நினைப்பதுதான் இந்த வேலையில் அடிக்கடி நடக்கிற தவறு. பாசி முதலில் சாக வேண்டும்.

கடையில் கிடைக்கும் சோடியம் ஹைப்போகுளோரைட் திரவம் (ஏறக்குறைய 5 சதவீதம்) ஒரு பங்கு, தண்ணீர் மூன்று பங்கு. காலை வெயில் ஏறுவதற்கு முன் கீழிருந்து மேலாகத் தடவுங்கள். மேலிருந்து தடவினால் வழிகிற இடமெல்லாம் கோடு விழும். 15 முதல் 20 நிமிடம் காயாமல் வைத்து, நைலான் பிரஷால் தேய்த்து, பிறகு மேலிருந்து கீழாகத் தாரை அடித்து அலசுங்கள். பக்கத்துச் செடிகளுக்கு முன்னும் பின்னும் தண்ணீர் ஊற்றுங்கள். கிரில்லில் பட்டால் உடனே கழுவுங்கள், துரு ஏறும். கையுறை, கண்ணாடி கட்டாயம். இதோடு ஆசிட்டைக் கலக்கவே கூடாது, குளோரின் வாயு வரும், நுரையீரலைப் பதம் பார்த்துவிடும். பிளீச்சிங் பவுடரைக் கரைத்து அடிப்பதும் எனக்கு ஒப்பில்லை. கரையாத சுண்ணாம்பு வண்டல் சுவரில் படிந்து, நாம் போக்க நினைத்த மாவாகத் திரும்ப நிற்கும்.

முற்றம்:
விரிசல்களை எப்போது அடைப்பது, கழுவும் முன்னா பின்னா?

சாரக்கட்டு:
முன்னாடி. திறந்த விரிசல்ல மெஷின் அடிச்சா செங்கல் வரைக்கும் நனையும்.

கல்மண்:
பின்னால். தூசி நிறைந்த விரிசலில் ஃபில்லர் ஒட்டாது. ஓரத்தில் ஒட்டியதுபோல் தெரியும், ஒரு கோடை தாண்டினால் பழைய கோடு அதே இடத்தில் திரும்ப வரும். கழுவும்போது விரிசலுக்கு நேரே அடிக்காமல் குறுக்காகச் சாய்த்து அடியுங்கள். சுவர் காய்ந்த பிறகு 5 மி.மீ. அகலத்துக்கு V வடிவில் கீறி, தூசியைத் துலக்கி, ஃபில்லரை அழுத்தி நிரப்புங்கள். மூலையிலிருந்து படிக்கட்டு மாதிரி ஏறும் விரிசல் என்றால் அது பெயிண்டர் வேலை இல்லை, அஸ்திவாரத்தைப் பார்க்க வேண்டும்.

சாரக்கட்டு:
காய்ஞ்ச பிறகுன்னா எத்தனை நாள்? அதைச் சொல்லாம விட்டுடறீங்க. கழுவின மறுநாளே பிரைமரைத் தொடுறாங்க, அதுதான் ஊர் நடப்பு.

கல்மண்:
நாள் கணக்கை நம்பாதீர்கள். தெற்குச் சுவர் இரண்டு மூன்று நாள் வெயிலில் காயலாம், நிழல் விழும் வடக்குச் சுவருக்கு ஒரு வாரம்கூட ஆகலாம். ஒன்றரை அடிச் சதுரத்தில் பாலித்தீன் தாளை வெட்டி, நான்கு ஓரமும் டேப் ஒட்டி, ஒரு இரவு விடுங்கள். காலையில் தாளின் உள்பக்கம் துளித்துளியாக வியர்த்திருந்தாலோ, மூடிய இடம் மட்டும் கறுத்திருந்தாலோ இன்னும் ஈரம் இருக்கிறது. வடக்குச் சுவரில் தரையிலிருந்து இரண்டடிக்குள் ஒன்று, சன்ஷேடுக்கு மேலே ஒன்று ஒட்டுங்கள். கடைசியாகக் காய்வது பெரும்பாலும் அந்த இரண்டு இடம்தான்.

மாவுக்கும் ஒரு சோதனை: செல்லோடேப்பை அழுத்தி ஒட்டி வெடுக்கென்று இழுங்கள். டேப் வெள்ளையாக வந்தால் கழுவியது போதவில்லை. இரண்டாம் முறையும் வெள்ளை வந்தால், தடித்த பிரைமர் வேண்டாம், துளைக்குள் இறங்குகிற மெல்லிய பிரைமர் அடியுங்கள்.

காரைவீடு:
இதைப் படித்துவிட்டுப் பழைய வீட்டில் யாரும் மெஷினை எடுத்துவிடக் கூடாது என்று எழுதுகிறேன். காரைக்குடிப் பக்கத்து வீடுகள் மாதிரி சுண்ணாம்புக் காரை பூசிய சுவர் என்றால் 40 டிகிரி நாசில்கூட வேண்டாம். சிமெண்டைவிடக் காரை மென்மை, கட்டு இணைப்பிலிருந்து கரைந்து வழியும். தேங்காய் நார், வாளித் தண்ணீர், அவ்வளவே. மேலே எமல்ஷனும் வேண்டாம், சுவர் மூச்சு விட முடியாது. சுண்ணாம்புக்குச் சுண்ணாம்பே.

சாரக்கட்டு:
சரி, நல்ல தண்ணி இருந்து, பிளாஸ்டிக் தாள் ஒட்டிக் காயவும் விட்டா தரைத்தளத்துக்கு மெஷினை ஒத்துக்கறேன். மாடிக்கு ஏணியில நின்னுக்கிட்டு அடிக்கிறதுக்கு மட்டும் ஒத்துக்கவே மாட்டேன். விசையை அழுத்துற நொடி துப்பாக்கி பின்னால உதைக்கும், ஏணி நகரும். சாரம் கட்டணும், இல்லன்னா நீள லான்ஸ் (துப்பாக்கியில மாட்டுற குழாய்) வாங்கித் தரையில நிக்கணும்.

இன்னொண்ணு, யாரும் சொல்லல. மெயின் சுவிட்சை அணைச்சுட்டோம்னு தைரியமா சர்வீஸ் ஒயர் பக்கம் அடிக்கிறாங்க. கம்பத்துலேருந்து வந்து சுவர்ல மாட்டியிருக்கிற ஒயர்ல, மீட்டர் வரைக்கும், மெயினை அணைச்சாலும் கரண்ட் ஓடிக்கிட்டேதான் இருக்கும்.

நீர்த்தாரை:
இதில் முழு உடன்பாடு. அந்த இடத்தைச் சுற்றி நாலடி மெஷின் தண்ணீர் போகக் கூடாது. மின்வாரியத்தில் சொல்லி இணைப்பைத் துண்டித்த பிறகுதான் அங்கே கை வைக்கலாம். மெஷினையும் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் உடனே கரண்டைத் துண்டிக்கும் சுவிட்ச்) உள்ள பிளக்கில் போடுங்கள்.