விரால் கடிக்கும்போது எத்தனை எண்ணித் தூண்டிலைச் சுண்டுவது?

கேள்வி: கோரையாற்றங்கரை

வணக்கம். நீடாமங்கலம் பக்கம் வடிகால்களில் தண்ணீர் முழங்காலளவுக்கு இறங்கிவிட்டது. மதகடிக் கிடங்குகளிலும் (மதகுக்குக் கீழே உள்ள பள்ளங்கள்) ஆகாயத்தாமரை மூடின மடுக்களிலும் விரால் இருப்பது தெரிகிறது. விடியற்காலையில் மேலே வந்து 'பொளக்'கென்று காற்றுக் குடித்துவிட்டு இறங்குகிறது.

கையில் உள்ள சாமான்: பத்தடிக் கல்மூங்கில் கம்பு, 0.30 மி.மீ. நரம்பு (தூண்டில் நூல்), 8-ஆம் நம்பர் முள் (கொக்கி), தெர்மாகோல் தக்கை, ஒரு பெரிய ஈயக்குண்டு. இரை நாக்குப்பூச்சி (மண்புழு). தக்கை ஆடினதும் சுண்டினால் வெறும் முள் வருகிறது. பொறுத்துச் சுண்டினால் முள் தொண்டைக்கு உள்ளே போயிருக்கிறது, இல்லையென்றால் நரம்பு அறுந்திருக்கிறது. மூன்று எண்ணு என்கிறார்கள், பத்து எண்ணு என்கிறார்கள். எது சரி? ரப்பர் தவளை என்கிற போலி இரை இந்த மாதிரிச் சின்ன வாய்க்காலுக்கு ஆகுமா? கரையில் ஊன்றி வைக்கிற நட்டுத் தூண்டில் பற்றியும் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில்: மதகடி

தம்பி, எண்ணிக்கை வைத்துச் சுண்டினால் பாதி மீன் தப்பும். தக்கை போகிற போக்கைப் பார்த்துத்தான் சுண்ட வேண்டும். அதற்கு முன்னால் சாமானையே மாற்ற வேண்டியிருக்கிறது.

தக்கை அந்த இடத்திலேயே துடித்துத் துடித்து நின்றால் அது விரால் இல்லை. கெண்டைப்பொடி, ஜிலேபி, குறவைக் குஞ்சு புழுவின் நுனியைக் கொத்துகின்றன. அதைச் சுண்டினால் வெறும் முள்தான் வரும். விரால் கொத்தாது. வாயைத் திறந்து இரையைத் தண்ணீரோடு சேர்த்து உறிஞ்சும், குறுக்கே கவ்விக்கொண்டு தன் மறைவை நோக்கி நகரும், அங்கே போய்த்தான் விழுங்கும். அதனால் தக்கை ஒரே அமுங்கலாக அமுங்கிச் சாய்வாக ஒரு பக்கம் போகும். நரம்பு தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போவது கண்ணுக்குத் தெரியும்.

இரை பிள்ளைப்பூச்சி மாதிரிச் சின்னதாக இருந்தால், தக்கை நகர ஆரம்பித்து நரம்பு தளர்வில்லாமல் நேரானதுமே சுண்டலாம். உயிர்க்கெண்டை போட்டிருந்தால் அப்போது சுண்டக்கூடாது. விரால் கொஞ்ச தூரம் போய் நிற்கும். குறுக்கே கவ்வின கெண்டையைத் தலைப்பக்கமாகத் திருப்புகிற நேரம் அது. நின்ற தக்கை மறுபடி நகரும் பாருங்கள், அதுதான் சுண்டுகிற சமயம். இதைத் தாண்டிப் பொறுத்தால் முள் குடலுக்குப் போய்விடும்.

சுண்டுவது மேல்நோக்கி வேண்டாம். கம்பைத் தாழ்த்திப் பிடித்து, மீன் போகிற திசைக்கு எதிர்ப்பக்கமாகப் பக்கவாட்டில் இழுக்க வேண்டும். முள் அப்போது வாயின் மூலையில் ஏறும். மேலே தூக்கினால் திறந்த வாயிலிருந்து வழுக்கிக்கொண்டு வந்துவிடும். ஏறியதும் விரால் தாமரை வேருக்குள் நுழையத்தான் பார்க்கும். இரண்டு கை நீளம் உள்ளே விட்டால் முடிந்தது. உடனே தலையைத் தண்ணீருக்கு மேலே கொண்டுவந்து அதே இழுப்பில் கரைக்கு வழுக்கிவிட வேண்டும்.

முள்: 8-ஆம் நம்பர் கெண்டைக்கு. விரால் வாய் அகலம், அந்த முள் தாடையில் பிடிக்காமல் நேரே தொண்டைக்குப் போகிறது. அரைக் கிலோ மீனுக்கு 1/0, ஒரு கிலோவுக்கு மேல் 2/0 அல்லது 3/0, தண்டு நீளமானதாக வாங்குங்கள். நம்பரில் குழம்ப வேண்டாம். 8, 6, 4, 2, 1 என்று குறையக் குறைய முள் பெரிசாகும். 1/0 தொடங்கி மேலே போகப் போக இன்னும் பெரிசு.

நரம்பு: 0.45 அல்லது 0.50. விரால் வாயில் மேலும் கீழும் ஊசிப்பல் உண்டு, 0.30 அரைபட்டுவிடும். அறுந்த முனையைத் தடவிப் பாருங்கள். சொரசொரப்பாக இருந்தால் பல்லிலோ காட்டாமணக்குத் தண்டிலோ தேய்ந்து அறுந்தது. பன்றிவால் போலச் சுருண்டிருந்தால் முடிச்சு நழுவியது. முடிச்சுக்கு ஐந்து சுற்றுச் சுற்றி, எச்சில் தொட்டு ஈரமாக்கி, மெதுவாக இறுக்குங்கள். காய்ந்தபடி இறுக்கினால் நரம்பு சூடேறி அங்கேயே பலமிழக்கும். ஒவ்வொரு மீனுக்குப் பிறகும் கடைசி ஒரு முழத்தை விரலால் உருவிப் பார்த்துச் சொரசொரப்பு இருந்தால் வெட்டிவிட்டுப் புதிதாகக் கட்ட வேண்டும்.

தக்கை: தெர்மாகோல் உருண்டை அமுங்க அதிக இழுப்பு வேண்டும். அந்த இழுப்பு தெரிந்ததும் விரால் துப்பிவிடும். நம் குளத்தோரம் கிடைக்கிற நெட்டித் தண்டைக் காயவைத்து விரல் நீளத்துக்கு நறுக்கினால் அதைவிட நல்ல தக்கை கிடையாது. இரையோடு மிதக்கும்போது அரை அங்குலம் மட்டும் வெளியே தெரிய வேண்டும்.

ஈயக்குண்டைக் கழற்றுங்கள். நாக்குப்பூச்சிக்கு மட்டும் பச்சைப்பயறு அளவுக் குண்டு ஒன்று, முள்ளுக்கு ஒரு சாண் மேலே. இரை தரையில் கிடந்தால் கெளுத்தியும் ஆராலும் வரும். விராலுக்குத் தண்ணீர்மட்டத்திலிருந்து ஒரு அடிக்குள் தொங்க வேண்டும்.

இரையில் பிள்ளைப்பூச்சிக்கு இணை இல்லை. மாட்டுத்தொழுவத்து ஈரமண்ணிலும் வாய்க்கால் ஓரத்து வரப்பிலும் மண் புடைத்த தடம் தெரியும், அதில் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றினால் மேலே வந்துவிடும். தலைக்குப் பின்னால் இருக்கிற கெட்டியான கழுத்து ஓட்டுக்கு அடியில் முள்ளை ஏற்றுங்கள். வயிற்றில் குத்தினால் இரண்டு நிமிடத்தில் செத்துத் தொங்கும். கெண்டை என்றால் இரண்டு அங்குலம் போதும், முதுகுத் துடுப்புக்குக் கீழே முதுகெலும்பைத் தொடாமல் குத்தினால் நெடுநேரம் நீந்தும். தவளை போடாதீர்கள். வயலில் பூச்சி தின்கிற பிராணி அது. தவளைக்கால் ஏற்றுமதியையே 1987-இல் நிறுத்தினார்கள்.

முள்ளை விழுங்கின மீனில் பிடுங்கி எடுக்கப் பார்க்க வேண்டாம். குழம்புக்கு என்றால் அறுக்கும்போது எடுத்துக்கொள்ளலாம். சின்னது என்று திருப்பி விடுவதானால் நரம்பை வாய்க்குள்ளேயே ஒட்ட வெட்டி விடுங்கள். உள்ளே போன முள்ளை உருவினால் செவுள் கிழிந்து சாகும்.

பதில்: பாமணிக்காரன்

அண்ணன் கம்புத் தூண்டிலுக்கு எல்லாம் சொல்லிட்டாங்க. ரப்பர் தவளை பத்தி மட்டும் நான் சொல்றேன்.

சின்ன வாய்க்காலுக்குத் தாராளமா ஆகும். தாமரை, பாசி மூடின இடத்துக்குன்னே செஞ்ச சாமான் அது. இரட்டை முள் முதுகை ஒட்டி மேல் நோக்கிப் படிஞ்சிருக்கும், அதனால இலையில மாட்டாது. மீன் கவ்வி உடம்பு நசுங்கினாத்தான் முள் வெளிய வரும். கடையில வாங்கினதும் ரெண்டு வேலை பண்ணணும். உடம்பைக் கையில அமுக்கிப் பாருங்க. கெட்டியா இருந்தா வெந்நீர்ல கொஞ்ச நேரம் போட்டா இளகும். அப்புறம் ரெண்டு முள் நுனியையும் குறடால நெல்லு மணி கனம் வெளிப்பக்கமா விரிக்கணும். இந்த விரிப்பு இல்லாமத்தான் பாதிப் பேருக்கு மீன் அடிச்சும் முள்ளுல ஏறுறதில்ல. ரொம்ப விரிச்சா இலையில மாட்டும்.

நரம்பு பின்னல் நரம்புதான், 40 பவுண்டு. சாதா நரம்பு இழுத்தா ரப்பர் மாதிரி நீளும், அந்தத் தூரத்துல முள் தாடையில ஏறாது. ராடு ஆறரையிலிருந்து ஏழு அடி, நுனி வளைஞ்சாலும் நடு முறுக்கா இருக்கணும். ரீல்ல டிராக்கை (நரம்பு ஓடாம பிடிக்கிற திருகு) நல்லா இறுக்கி வைங்க. வாய்க்கால்ல மீனுக்கு நரம்பு விட்டுக் கொடுக்க இடமே கிடையாது.

மீன் மூச்சு விட்ட இடத்து மேலேயே போடாதீங்க, கலைஞ்சிடும். நாலைஞ்சு அடி தாண்டிப் போட்டு, இலை மேல நடத்திக் கொண்டுவந்து, இலைக்கு நடுவுல தண்ணி தெரியுற ஓட்டையில நிறுத்துங்க. ரெண்டு மூணு நொடி சும்மா இருக்கட்டும். அடி பெரும்பாலும் அந்த நிறுத்தத்துலதான் விழும். தண்ணி தெறிச்ச உடனே சுண்டக்கூடாது. கம்பு நுனியை மீன் பக்கம் தாழ்த்துங்க, சுருளை ரெண்டு சுத்து சுத்துங்க, கையில கனம் தெரிஞ்சதும் சுண்டுங்க. தப்பிப் போச்சுன்னா அதே இடத்துல அடுத்த வீச்சு. பசியா இருந்தா திரும்பவும் அடிக்கும். மூணு தடவை தப்பிச்சுன்னா அரை மணி நேரம் அந்த இடத்தை விட்டுடுங்க.

உடம்புக்குள்ள தண்ணி ஏறினா தவளை பின்பக்கமா முங்கும், அப்பப்ப அமுக்கித் தண்ணியைப் பிதுக்கிவிடணும். கடிபட்டு ஓட்டை விழுந்தா சைக்கிள் டியூப் ஒட்டுற பசை ஒரு பொட்டு வைங்க.

ஒண்ணு கட்டாயம் கவனிக்கணும். கார்பன் ராடுல மின்சாரம் பாயும். மோட்டார் கொட்டகைக்குப் போற கம்பி நம்ம பக்கம் எவ்வளவு தாழ்வா தொங்குதுன்னு தெரியும். வரப்புல நடக்கும்போது ராடைச் சாய்ச்சுப் பிடிங்க, கம்பிக்கு அடியில நின்னு வீசவே வீசாதீங்க. ஈர மூங்கிலுக்கும் இதேதான்.

கோரையாற்றங்கரை

ரொம்ப நன்றி. இரை தரையில் கிடந்ததுதான் முதல் தப்பு என்று புரிகிறது. இரண்டு சந்தேகம். எந்த நேரம் நல்லது? மடு இன்னும் வற்றினால் இறைத்துப் பிடிக்கலாம் என்று பேசிக்கொள்கிறார்கள், அதற்கு முன்னால் நட்டுத் தூண்டில் போட்டு எடுத்துவிடலாமா?

பதில்: வெண்ணாறு

நேரம்: விடிவதற்கு முன்னாலிருந்து எட்டு மணி வரை, சாயங்காலம் நாலரையிலிருந்து இருட்டும் வரை. வெயில் ஏறினால் தாமரை நிழலுக்கு அடியில் ஒதுங்கும், அப்போது ரப்பர் தவளைக்குத்தான் வேலை. தரையைக் குத்தி நடக்காதீர்கள், வற்றின தண்ணீரில் கால் அதிர்வே போதும். உங்கள் நிழல் தண்ணீரில் விழாத கரையில் நில்லுங்கள்.

இன்னொன்றும் பார்க்க வேண்டும். இது உளுந்து, பயறுக்கு மருந்தடிக்கிற பருவம். மருந்தடித்த வயலின் தண்ணீர் வடிகிற கன்னி வாய்க்கால் (சின்னக் கிளை வாய்க்கால்) என்றால் அந்தப் பக்கமே போக வேண்டாம். மீன் பகலில் மேலேயே புரண்டுகொண்டு, ஆள் வந்தாலும் இறங்காமல் இருந்தால் அந்தத் தண்ணீரில் மருந்து கலந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த மீனைத் தின்னக்கூடாது. பனிக்காலம் முடிகிற இந்தச் சமயத்தில் விராலில் சிவந்த புண்ணும் வரும். அப்படி வந்ததை வேறு குளத்தில் கொண்டுபோய் விடாதீர்கள், நோய் பரவும்.

நட்டுத் தூண்டிலுக்கு மூன்றடி மூங்கில் பிளாச்சு, இரண்டடி நரம்பு, 2/0 முள். பிளாச்சைக் கரையில் ஒரு முழம் ஆழம் சாய்வாக ஊன்றி, கெண்டை தண்ணீர்மட்டத்திலேயே முதுகு தெரிய நீந்துகிற மாதிரி நரம்பை அளந்து கட்ட வேண்டும். மட்டத்தில் சலசலப்பு கேட்டுத்தான் விரால் வரும். ஆழத்தில் விட்டால் விலாங்குதான் மாட்டும். மொத்தம் பத்துக்கு மேல் வேண்டாம், ஒவ்வொன்றிலும் எண் எழுதுங்கள். போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்த் தூங்கக்கூடாது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் பார்க்க வேண்டும். தண்ணீர்ப்பாம்பும் பாலாமையும் இதில் மாட்டும், அதிக நேரம் விட்டால் மூழ்கிச் சாகும். பாலாமை வனவுயிர்ச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளது. மாட்டினால் நரம்பை முள்ளுக்குப் பக்கத்திலேயே ஒட்ட வெட்டி உடனே விட்டுவிடுங்கள். விடிந்ததும் பத்தையும் எண்ணி எடுங்கள். விட்டுப்போன ஒரு முள் கொக்கின் தொண்டையிலோ மாட்டின் குளம்பிலோ போய் ஏறும்.

மடுவை இறைப்பது பற்றி அழுத்தியே சொல்கிறேன்: செய்யாதீர்கள், செய்கிறவர்களோடு சேராதீர்கள். வழக்கமாக ஜனவரி 28-இல் மேட்டூர் அணையை அடைத்தால் ஜூன் 12 வரை ஆற்றில் முறைத் தண்ணீர் கிடையாது. அந்த நாலரை மாதம் விரால் பிழைத்திருப்பது இந்த மதகடிக் கிடங்கிலும் மடுவிலும்தான். தண்ணீர் வற்றினாலும் சேற்றுக்குள் ஈரம் இருக்கும்வரை காற்றைக் குடித்துக்கொண்டு கிடக்கும். இங்கே மிஞ்சுகிற சோடிதான் ஐப்பசி மழையில் வயலுக்கு ஏறிக் குஞ்சு போடும். ஒரு கிடங்கில் ஒரு நாளைக்கு இரண்டு மீன் எடுங்கள், ஒரு கிலோவுக்கு மேலே இருக்கிற தாய் மீனை விடுங்கள்.

மழைக்காலத்தில் செந்நிறமாக, உள்ளங்கை அகலத்துக்கு, கொப்பளித்துக்கொண்டே நகர்கிற குஞ்சுக் கூட்டத்தைப் பார்ப்பீர்கள். அதற்கு அடியில் தாயும் தகப்பனும் காவல் நிற்கும். கூட்டத்தின் மேல் எதைப் போட்டாலும் பசி இல்லாமலே கோபத்தில் அடிக்கும், பிடிப்பது மிகச் சுலபம். பிடித்த அன்றைக்கே ஜிலேபியும் குறவையும் குஞ்சு முழுவதையும் தின்று தீர்த்துவிடும். அந்தக் கூட்டத்தின் பக்கம் தூண்டில் போகவே கூடாது.

தூண்டிலை எடுத்துக்கொண்டு போகுமுன் அது யார் தண்ணீர் என்று கேளுங்கள். ஊர்க்குளமும் ஏரியும் பெரும்பாலும் மீன்பாசிக் குத்தகையில் (மீன் பிடிக்கிற உரிமைக்கான குத்தகை) இருக்கும், குத்தகைதாரரிடம் சொல்லாமல் போட்டால் தகராறு. வடுவூர், உதயமார்த்தாண்டபுரம் ஏரிகள் பறவைகள் சரணாலயம், அங்கே வேண்டாம். வெடியும் விஷமும் 1897-ஆம் வருஷத்து மீன்வளச் சட்டத்திலேயே குற்றம். பேட்டரி வைத்துக் கரண்டு பாய்ச்சுகிறவர்களைப் பார்த்தால் ஊரில் சொல்லுங்கள். அது பொடி மீன், முட்டை எல்லாவற்றையும் சேர்த்து அழிக்கிறது.

பதில்: மதகடி

பிடித்த மீனை வைப்பது விட்டுப்போச்சு. செவுளில் கயிறு கோத்துத் தண்ணீருக்கு அடியில் முழுக முழுகக் கட்டிப்போட்டால் விரால் செத்துவிடும். மேலே வந்து காற்றுக் குடிக்காவிட்டால் அதற்கு மூச்சு முட்டும். வாளியில் நாலு விரல் தண்ணீர் போதும். மேலே ஈரச் சாக்கைப் போட்டுக் கட்டுங்கள், கட்டாவிட்டால் எகிறிக் குதித்து வரப்பில் போய்விடும். சேற்று வாடை போக நல்ல தண்ணீரில் இரண்டு நாள் விட்டு, தினமும் தண்ணீர் மாற்றுங்கள்.

அறுப்பதற்கு முன் தலையில் ஓங்கி ஒரு தட்டு. உயிரோடு செதில் உரிக்க வேண்டாம். அடுப்புச் சாம்பல் போட்டுக் கருங்கல்லில் தேய்த்தால் வழுவழுப்பும் செதிலும் சேர்ந்து போகும். பிறகு கல்லுப்பும் புளியும் போட்டு இரண்டு தண்ணீர் அலசினால் வாடை நிற்காது.

காலில் வெட்டுக்காயம், சேற்றுப்புண் இருந்தால் இந்தத் தேங்கின தண்ணீரில் இறங்காதீர்கள். வயலெலிச் சிறுநீர் கலந்த தண்ணீரில் எலிக்காய்ச்சல் வரும். இறங்கிவிட்டு ஒன்றிரண்டு வாரத்துக்குள் கடுங்காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால், சேற்றில் இறங்கினதை டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.