கலைச்சொல்: லோடு டம்ப் – ‘சுமை கொட்டல்’ சரிவருமா?

மடல் 1

அனைவருக்கும் வணக்கம்.

எம்35ஏ2, எம்939 வகைப் பழைய அமெரிக்க ராணுவ லாரிகளில் 60 ஆம்பியர் ஆல்டர்னேட்டரை (இன்ஜின் சுழற்ற, பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் மின்னாக்கி) எடுத்துவிட்டு 100 ஆம்பியர் பூட்டும் கையேட்டின் தமிழாக்கம் ஏறக்குறைய முடிந்துவிட்டது. ஒரே ஒரு சொல்லில் நிற்கிறது: லோடு டம்ப், அதாவது சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும் பேட்டரி திடீரென அறுபட்டதும் வோல்ட்டேஜ் எகிறுவது. வரைவில் இப்போது இருப்பது:

“இன்ஜின் ஓடும்போது பேட்டரி முனையைக் கழற்றாதீர்கள். சுமை கொட்டல் ஏற்படும்.”

படிக்கப்போகிறவர் லாரிக்காரர். எம்939 குடும்பத்திலேயே எம்929 என்று ஒரு டிப்பர் இருக்கிறது. பேட்டரியைக் கழற்றினால் டிப்பர் தூக்கிக்கொண்டு மண்ணைக் கொட்டிவிடும் என்று அவர் நினைத்தால் குற்றம் அவர்மேல் இல்லை. வேறு சொல் சொல்லுங்கள்.

மடல் 2

> சுமை கொட்டல் ஏற்படும்

சொல்லைத் தேடும் முன் உள்ளே நடப்பதைப் பார்த்துவிடலாம். சார்ஜ் இறங்கிய பேட்டரி 60, 70 ஆம்பியர் இழுத்துக்கொண்டிருக்கிறது. அப்போது இணைப்பு அறுகிறது. வோல்ட்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் விழித்துக்கொண்டு, சுழலியில் காந்தப்புலத்தை உண்டாக்கும் புலச்சுருளுக்குப் போகும் மின்சாரத்தை நிறுத்தினாலும், சுருளின் தூண்டல் தன்மையால் அதில் ஓடுகிற மின்னோட்டம் மெல்லத்தான் வடியும். அதுவரை சுழலியின் காந்தப்புலம் பழைய பலத்தோடு சுற்றுகிறது. இழுத்துக்கொள்ளத்தான் ஆள் இல்லை. வோல்ட்டேஜ் எகிறுகிறது.

எவ்வளவு எகிறும்? வாகன மின்கருவிகளுக்கான ஐஎஸ்ஓ 16750-2 தரம், எகிறும் வோல்ட்டேஜை அடக்கும் டயோடு இல்லாத, இந்த லாரிகளில் உள்ளது போன்ற 24 வோல்ட் அமைப்புக்கான சோதனையில் 151 முதல் 202 வோல்ட் வரை, 100 முதல் 350 மில்லிவிநாடி வரை என்று வைத்திருக்கிறது. ரிலே விடுபடும்போது வரும் துள்ளலோடு இதைச் சேர்க்கக் கூடாது. அது மைக்ரோவிநாடிக் கணக்கு, சின்ன டயோடு ஒன்று தாங்கிவிடும். இதில் ஆற்றல் அதிகம். அதே சின்ன டயோடு கருகிப்போகும்.

ஆகவே இங்கே எதுவும் கொட்டவில்லை. அறுவது ஒன்று, எழுவது ஒன்று. ‘மின்பளு நீக்கம்’ என்று வைக்கலாமா? சரக்குக்குச் ‘சுமை’, மின்சாரத்துக்குப் ‘பளு’ என்று பிரித்தது போலவும் ஆகும்.

மடல் 3

‘நீக்கம்’ வேண்டாம் ஐயா. நீக்கம் என்றால் யாரோ முறைப்படி செய்கிற வேலை. விளக்கை அணைப்பதும் பளு நீக்கம்தான், அதனால் ஒன்றும் எரிவதில்லை. தவிர, ‘பளு’ என்றதும் பளுதூக்குதல்தான் நினைவுக்கு வருகிறது.

இந்த எச்சரிக்கை யாருக்கு என்பதையும் பாருங்கள். பழைய டைனமோவில் கைபழகிய மெக்கானிக்குகள், சார்ஜ் ஆகிறதா என்று பார்க்க இன்ஜின் ஓடும்போதே பேட்டரிக் கேபிளை உருவிப் பார்ப்பார்கள். டைனமோ பிழைத்துக்கொள்ளும். ஆல்டர்னேட்டரில் அதே சோதனையைச் செய்தால் ரெகுலேட்டரோ டயோடோ போய்விடும், பிறகு “புது ஆல்டர்னேட்டர் மட்டம்” என்று பெயர். சார்ஜைப் பார்க்க பேட்டரி முனைகளில் மீட்டரை வைத்தாலே போதும். இன்ஜின் சற்று வேகமாக ஓடும்போது 28 வோல்ட்டை ஒட்டி நிற்க வேண்டும்.

இன்னொரு இடம், பின்னால் சேர்த்த மெயின் சுவிட்ச். பேட்டரியை மட்டும் வெட்டும் சுவிட்சை இன்ஜின் ஓடும்போது திருப்பினால், ஆல்டர்னேட்டரும் வண்டியின் மற்ற மின்பொருள்களும் ஒரே கம்பியில் தனியாக மாட்டிக்கொள்கின்றன. எழும் வோல்ட்டேஜ் முழுதும் அவற்றின் தலையில். ராணுவ ரேடியோ அசராது, அமெரிக்க ராணுவ வாகன மின்சாரத்துக்கான பழைய மில்-எஸ்டிடி-1275டி தரமே 100 வோல்ட்டை 50 மில்லிவிநாடி தாங்கச் சொன்னது. பின்னால் மாட்டிய எல்இடி விளக்குக்கும் இன்வெர்ட்டருக்கும் அந்தத் தெம்பு கிடையாது. ஆல்டர்னேட்டரின் வெளியீட்டு நட்டே கழன்றுகொண்டால் கதை வேறு: வண்டி தப்பிக்கும், அடி ஆல்டர்னேட்டருக்குள்ளேயே விழும்.

என் பரிந்துரை துண்டிப்பெழுச்சி. காரணம் முன்னால், விளைவு பின்னால். ‘துண்டிப்பு’ மின்வாரியம் புழங்கவைத்த சொல். யாருக்கும் விளக்க வேண்டாம்.

மடல் 4

துண்டிப்பெழுச்சிக்கு என் ஓட்டு. ஒரு திருத்தம்: விளக்கத்தில் ‘சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும் பேட்டரி’ என்று கட்டாயம் வர வேண்டும். நிறைந்த பேட்டரி சில ஆம்பியர்தான் இழுக்கும். அதைத் துண்டித்தால் எழுவதும் சிறிது. “நான் நாலு தடவை கழற்றினேன், ஒன்றும் ஆகவில்லை” என்கிறவருக்கு இதுதான் பதில்.

60-ஐ 100 ஆக்கும்போது இந்த ஆபத்தும் கூடவே வளர்கிறது. துண்டிக்கப்படும் ஆம்பியர் கூடினால் எழுச்சியின் ஆற்றலும் கூடும். திருத்தியில் (மாறுதிசை மின்சாரத்தை நேர்திசையாக்கும் பகுதியில்) அவலாஞ்ச் டயோடு, அதாவது எகிறும் வோல்ட்டேஜைத் தானே கடத்தி அடக்கும் டயோடு, உள்ள ஆல்டர்னேட்டரா என்று வாங்கும் முன்பே பார்க்கச் சொல்லி ஒரு வரி சேருங்கள். பெயரும் சேர்ந்தே முடிந்தது: அது ‘எழுச்சியடக்கு டயோடு’.

வரைவில் கண்ட வேறு சில:

“தடித்த கம்பி பயன்படுத்தவும்” என்பது போதாது. ஆல்டர்னேட்டரிலிருந்து பேட்டரிக்கு 3 மீட்டர், திரும்பி வர 3 மீட்டர் என்று வையுங்கள். 100 ஆம்பியர் ஓடினால் 16 சதுர மி.மீ. செம்புக் கம்பியில் சுமார் 0.66 வோல்ட் வழியிலேயே போய்விடும். 50 சதுர மி.மீ. போட்டால் 0.21 தான். பழைய கம்பியை அப்படியே விட்டால் ஆல்டர்னேட்டர் 28 காட்டும், பேட்டரி அரைவயிறாகவே கிடக்கும். அந்த அரைவயிற்றுப் பேட்டரியைத்தான் யாராவது ஒருநாள் ஓடும் வண்டியில் கழற்றுவார்கள்.

திரும்பும் கம்பியை மறக்கக் கூடாது. இந்த வகை ஆல்டர்னேட்டர்களில் எதிர்முனை உடலோடு சேராமல் தனியாக இருப்பதுண்டு. அப்படியானால் பிராக்கெட்டை நம்பக் கூடாது, அதே தடிமனில் எதிர்முனைக்கும் கம்பி இழுக்க வேண்டும்.

பெல்ட் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லையே? 28 வோல்ட், 100 ஆம்பியர் என்றால் 2,800 வாட். திறன் 55–60 சதவீதம் என்று கொண்டாலும் பெல்ட் இழுக்க வேண்டியது 5 கிலோவாட்டுக்குப் பக்கம், ஆறரைக் குதிரைத்திறன். இரட்டைப் பெல்ட் புல்லி இருந்தால் இரண்டையும் ஒரே ஜோடியாக வாங்கி மாற்ற வேண்டும். ஒன்று புதிது, ஒன்று பழசு என்றால் புதியதே முழுப் பாரத்தையும் இழுத்துச் சீக்கிரம் தேயும்.

மடல் 5

சரி, முடித்துவிடுவோம். ‘மாறுதிசை மின்னாக்கி’ என்று 14 இடங்களில் இருந்ததை ‘ஆல்டர்னேட்டர்’ என்றே மாற்றிவிட்டேன். உள்ளே மாறுதிசைதான், ஆனால் வெளியீட்டு முனையில் வருவது திருத்தியைத் தாண்டிய நேர்திசை மின்சாரம். பெயரைப் பார்த்து மீட்டரை ஏசியில் வைத்து, “வோல்ட்டேஜே வரவில்லை” என்பவர்கள் வருவார்கள். அருஞ்சொல் பட்டியலில் பழைய சொல்லை ஒருமுறை காட்டினால் போதும்.

பதிவு:

துண்டிப்பெழுச்சி – ஆல்டர்னேட்டர் சார்ஜ் ஏற்றிக்கொண்டிருக்கும் பேட்டரியின் இணைப்பு திடீரென அறும்போது, புலச்சுருளின் மின்னோட்டம் வடியும்வரை மின்சுற்றில் எழும் உயர் வோல்ட்டேஜ்.

எச்சரிக்கை வரி இனி இப்படி:

“இன்ஜின் ஓடும்போது பேட்டரி முனையைக் கழற்றாதீர்கள், மெயின் சுவிட்சை அணைக்காதீர்கள். துண்டிப்பெழுச்சியால் ரெகுலேட்டர், டயோடு, விளக்குகள் எரிந்துபோகும். இன்ஜினை நிறுத்திய பின் எதிர்முனையை முதலில் கழற்றுங்கள்; மாட்டும்போது அதைக் கடைசியாக மாட்டுங்கள்.”

‘துண்டிப்பு எழுச்சி’ என்று பிரித்து எழுதுவதா, சேர்த்தா என்று கேட்டால், சேர்த்தே எழுதுவோம். பிரித்தால் தேடலில் மின்வாரிய அறிவிப்புகள்தான் வந்து விழும்.