'டவர்' புழுவுக்கு ஒரு சொல் வேண்டும் (திங்கட்கிழமைக்குள்)

கோத்தகிரியிலிருந்து:
அனைவருக்கும் வணக்கம். பன்னிரண்டாம் வகுப்புக்கு முதுமையும் மரபணுவும் பற்றிக் கையேடு எழுதுகிறேன். சீனோராப்டிடிஸ் எலிகன்ஸ் என்ற ஒரு மில்லிமீட்டர் புழுதான் பாடம். அதன் ஆயுள் இரண்டு மூன்று வாரம். ஆனால் இரை குறைந்து கூட்டம் பெருகினால், இளம்புழு வாயை மூடிக்கொண்டு, சேர்த்துவைத்த கொழுப்பிலேயே மாதக்கணக்கில் காலம் தள்ளும். இந்த நிலைக்கு அறிவியலார் வழங்கும் ஜெர்மன் சொல்லை (Dauer, நீடித்தல்) அப்படியே 'டவர்' என்று எழுதியிருந்தேன். நேற்று ஒரு மாணவி சன்னலுக்கு வெளியே தெரிந்த செல்போன் கோபுரத்தைக் காட்டி, "புழுவுக்கு எதற்கு டீச்சர் டவர்?" என்று கேட்டாள். திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது.

உதகையிலிருந்து:
நோன்புழு என்று வையுங்கள் அம்மா. நோன்றல் என்றால் பொறுத்தல். 'உற்றநோய் நோன்றல்' என்று குறளிலேயே இருக்கிறது. நோன்மையும் நோன்பும் அதன் உறவுகளே. வினைத்தொகை ஆதலால் ஒற்று மிகாது.

குன்னூரிலிருந்து:
ஐயா, குறளுக்கே போவதென்றால் 'ஆற்றுவார் ஆற்றல் பசிஆற்றல்' இருக்கிறதே! பசி பொறுப்பதும் ஆற்றல், செல்லுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியா தருவதும் ஆற்றல். இப்புழுவின் ஐஎஸ்பி-1 என்ற மரபணுவில் ஏற்படும் ஒரு மாற்றம் அந்த ஆற்றல் உற்பத்தியைத் தணிக்கிறது. புழுவின் ஆயுளும் நீள்கிறது. இரண்டு பொருளையும் ஒரே சொல் தாங்கும்: ஆற்றுபுழு.

உதகையிலிருந்து:
அழகுதான். அச்சில் ஒரு 'ப்' கூடினால் மோயாற்றில் வாழும் புழு ஆகிவிடும். ஓர் ஒற்றெழுத்தை நம்பி நிற்கும் சொல் மாணவர் கையில் நிலைக்காது.

கூடலூரிலிருந்து:
நோன்றல் என்ற சொல்லை என் வகுப்பில் ஒரு பிள்ளையும் கேட்டதில்லை. அகராதி பார்த்துத்தான் அறிவியல் படிக்க வேண்டுமா? உறங்குபுழு போதும்.

கோத்தகிரியிலிருந்து:
அது உறங்குவதில்லை ஐயா. அசையாமல் கிடக்கும், தொட்டால் விருட்டென்று ஓடும். இன்னொன்று, இப்புழுவின் டிஏஎஃப்-2 மரபணுவின் பெயரே இந்த நிலையிலிருந்து வந்தது ('டவர் உருவாதல்' என்பதன் ஆங்கிலச் சுருக்கம்). அந்த மரபணுவின் செயல்பாட்டைக் குறைத்தால் வளர்ந்த புழுவின் ஆயுள் இரு மடங்குக்கு மேல் கூடும் என்று 1993-இல் உயிரியலாளர் சிந்தியா கென்யனின் குழு காட்டியது. அதற்கு டிஏஎஃப்-16 என்ற இன்னொரு மரபணு கெடாமல் இருக்க வேண்டும். எனவே இந்தச் சொல் பக்கத்துக்குப் பக்கம் வரும். பொருள் தவறக் கூடாது. மூவர் தனிமடலில் நோன்புழுவை ஆதரித்திருக்கிறார்கள். அதையே அனுப்புகிறேன்.

கூடலூரிலிருந்து:
அனுப்புங்கள் அம்மா. என் வகுப்பில் தாங்குபுழு என்றே சொல்லித் தருவேன். 'தாங்கு' எல்லோருக்கும் தெரியும்.