ஃபேக்டரி ரைஃபிளா, சொல்லிச் செய்வதா?

வணக்கமுங்க. டெக்சாஸில் வேலை, இப்போது லீவில் கோபியில் இருக்கிறேன். (நம்மூரில் 1972 வனவிலங்குச் சட்டப்படி இப்போது வேட்டைக்கு வழியில்லை, இது அங்கே லைசென்ஸ் எடுத்து மான் வேட்டைக்குப் போவதற்கு.) நவம்பர் சீசனுக்குள் .308 அளவுத் தோட்டா போடும் ரைஃபிள் ஒன்று வேண்டும். ஃபேக்டரியிலிருந்தே வரும் டிக்கா டி3எக்ஸ் ரைஃபிள் என்றால் 100 கஜத்தில் மூன்று குண்டும் சுமார் ஓரங்குலத்துக்குள் விழும் என்று கம்பெனியே உத்தரவாதம் தருகிறது. என்னிடமுள்ள பழைய ரெமிங்டன் 700 ரைஃபிளில், தோட்டாவை ஏற்றிப் பூட்டும் பகுதியான ஆக்‌ஷனுக்குப் புது பேரல் (குழல்) போட்டு, ஸ்டாக்கில் (பின்கட்டையில்) அசையாமல் உட்கார பெட்டிங் செய்து, ட்ரிக்கரையும் மாற்றினால் அதில் பாதிக்குள் வரும் என்கிறார் அங்குள்ள கன்ஸ்மித் (துப்பாக்கி செய்து தருபவர்), ஆனால் காசு இரண்டு மடங்குக்கு மேல், மாசக்கணக்கில் காத்திருக்கவும் வேண்டும்.

கோயம்புத்தூர் கணபதியில் லேத் பட்டறை வைத்திருக்கும் மாமா, "துளையும் மரையும் ஒரே சென்டரில் கடைவானான்னு கேளு மாப்ள, மத்ததெல்லாம் அப்புறம்" என்கிறார். சரிதான். ஆனால் போன வருசம் என் குண்டு நாலங்குலம் சிதறியதற்குக் காரணம் பேரல் இல்லை, ஸ்கோப்பை (குறிபார்க்கும் தொலைநோக்கியை) பிடிக்கும் மவுண்ட்டில் ஒரே ஒரு ஸ்க்ரூ லூசு!

நான் சுடுவது 200 கஜத்துக்குள்தான். டிக்காவை வாங்கி மிச்சக் காசை ஸ்கோப்பிலும் தோட்டாவிலும் போடலாமா? இரண்டிலும் சுட்டுப் பார்த்தவர்கள் சொல்லுங்க.