கல்லடி வீட்டு முன்பாதை: அச்சுக் கொங்கிறீட்டா, சல்லி தெரியும் கொங்கிறீட்டா?

கல்லடி வீட்டுக்காரன்:
கேற்றிலிருந்து போர்ட்டிக்கோ வரை 40 அடி நீளம், 12 அடி அகலம். கொங்கிறீட் என்பது முடிவாகிவிட்டது. மேற்பரப்பை எப்படி விடுவது என்பதில்தான் வீட்டில் இரண்டு கட்சி. மனைவிக்கு, கருங்கல் பதித்த மாதிரி அச்சு அழுத்தி நிறம் கொடுக்கிற வேலை பிடித்திருக்கிறது. எனக்கு, மேல் சாந்தைக் கழுவி சல்லியைத் தெரியவிடுகிற வேலை. நிலம் முழுக்க மணல். மாரியில் கிணற்று நீர் வாயருகே வந்துவிடும். ஒரு கார், ஒரு ஆட்டோ வந்துபோகும். அம்மா வெறுங்காலோடுதான் நடப்பார். வேலை தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கல்முனைத் தம்பி:
அண்ணன், அச்சு போடுங்கள். நான் இந்த வேலை செய்கிறவன், அதையும் தெரிந்துகொண்டே வாசியுங்கள். கொங்கிறீட் ஈரமாக இருக்கும்போதே நிறத்தூளைத் தூவித் தேய்ப்போம். அந்தத் தூளில் சீமெந்தும் நுண்மணலும் இருப்பதால் மேல்தோல் சாதாரணக் கொங்கிறீட்டை விடக் கடினமாகும். பிறகு ஒட்டாமல் இருக்க வேறு நிறத் தூள் போட்டு அச்சுப் பாயை அழுத்துவோம். அந்தத் தூளைக் கழுவும்போது பள்ளங்களில் கொஞ்சம் தங்கும், அதுதான் பழங்கல்லின் சாயலைக் கொடுக்கிறது. இரும்பு ஒக்சைட் நிறங்கள் வெயிலில் எளிதில் வெளுக்காது. கறுப்பு மட்டும் கேட்காதீர்கள். மத்தியானத்தில் அம்மா கால் வைக்க முடியாது.

வாவிக்கரை:
தம்பி வேலையைச் சரியாகச் சொன்னார். ஆனால் அதற்கு மேல் பூசுகிற சீலரைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. அச்சுக் கொங்கிறீட்டின் பளபளப்பு முழுக்க அந்த அக்ரிலிக் சீலரில்தான் இருக்கிறது. இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை திரும்பப் பூச வேண்டும். அதைக்கூட விடுங்கள், எனக்குப் பயம் மட்டக்களப்பின் நிலத்தடி நீர். கிணறு நிரம்பும் காலத்தில் ஈரம் கீழிருந்து கொங்கிறீட் வழியாக மேலே வரும். மேலே படலம் அடைத்து நின்றால் அந்த ஈரம் போக வழியில்லாமல் சீலருக்கு அடியில் தங்கி வெள்ளை வெள்ளையாகப் படரும், பிறகு உரியும். வாவிக்கும் கடலுக்கும் இடையில் இருக்கிற கல்லடியில் இதை யோசிக்காமல் போட முடியாது. நனைந்தால் வழுக்கும் என்பது இன்னொன்று. வயதான அம்மா இருக்கிற வீடு.

கல்முனைத் தம்பி:
வழுக்கலுக்கு வழி இருக்கிறது அண்ணன், சீலரில் வழுக்காத் தூள் கலந்து பூசுவோம். ஈரத்துக்கும் அடியில் தடித்த பொலித்தீன் விரித்துவிட்டுத்தான் ஊற்றுவோம். சல்லி தெரியும் வேலை மட்டும் குறையில்லாததா? கழுவுகிற நேரம் கொஞ்சம் முந்தினால் சல்லி கழன்று வரும், பிந்தினால் சாந்து இறுகி ஓரிடம் தெரியும், ஓரிடம் தெரியாது. வெறுங்காலுக்குக் கூர்ச்சல்லி எப்படி இருக்கும் என்று அம்மாவைக் கேளுங்கள்.

அக்கரைப்பற்று நானா:
நீங்கள் இரண்டு பேரும் மேல்தோலைப் பற்றியே பேசுகிறீர்கள். அடியில் கிறவல் போட்டு நன்றாக இறுக்கினார்களா, வெடிப்பை ஓரிடத்தில் அடக்க மேற்பரப்பில் போடுகிற நேர்க்கோட்டு வெட்டு எங்கே வருகிறது, அதைக் கேளுங்கள். 4 அங்குலத் தளத்துக்கு 8 முதல் 10 அடிக்குள் ஒரு வெட்டு வேண்டும், ஆழம் குறைந்தது 1 அங்குலம். 12 அடி அகலத்துக்கு நடுவிலும் நீளவாக்கில் ஒன்று போட்டுவிடுங்கள். வெட்டாமல் விட்டால் கொங்கிறீட் தானே இடம் பார்த்து வெடிக்கும், அழகான அச்சுக்குக் குறுக்கே போகும் அந்த வெடிப்பை எந்த நிறமும் மறைக்காது. சாய்வு அடிக்குக் கால் அங்குலம், குறுக்கே 12 அடிக்கு 3 அங்குலம். மாரி மழைக்கு இதில் கஞ்சத்தனம் கூடாது.

வாவிக்கரை:
நானா சொன்னது சரி. கடல் மணலைக் கழுவாமல் கலக்க விடவும் கூடாது. உப்பு உள்ளே போனால் உள்ளிருக்கும் மெஷ் (கம்பி வலை) துருப்பிடித்து வீங்கி மேலே உடைக்கும்.

தம்பி, பொலித்தீன் விரிப்பது நல்லது, மறுக்கவில்லை. ஆனால் ஓரங்களில் திறந்துதான் கிடக்கும், வெட்டிலும் மழைநீர் இறங்கும். சல்லி வேலையில் நிறம் கல்லினுடையது, வெளுக்க அதில் ஒன்றும் இல்லை. கூர்ச்சல்லிக்குப் பதில் உருண்டைக் கல் போட்டால் காலுக்கும் அவ்வளவு குத்தாது. படலம் கட்டாமல் உள்ளே ஊறுகிற வகைச் சீலர் அடித்தால் ஈரம் மூச்சுவிடும், பளபளப்பு மட்டும் கிடைக்காது. ஆறவைப்பதும், அதாவது ஈரம் போகாமல் வைத்து இறுகவிடுவதும் சுலபம், கழுவியபின் நனைத்த சாக்கு போட்டு 7 நாள் தண்ணீர் விடலாம். நிறம் தூவிய தளத்தில் ஈரச்சாக்குப் போட்டால் திட்டுத்திட்டாகக் கறை பிடிக்கும்.

கல்முனைத் தம்பி:
அதற்குத்தான் ஆறவைக்கும் திரவம் அடிக்கிறோம். ஒன்றை ஒத்துக்கொள்கிறேன், கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் அச்சு வேலை கடினம். மேல்தோல் காய்ந்துவிடும், பாய் பதியாது. விடியற்காலையில் ஊற்ற வேண்டும், ஆட்கள் கூட வேண்டும். செலவு அதில்தான் ஏறுகிறது.

கல்லடி வீட்டுக்காரன்:
இரண்டையும் கலக்கலாமா? நடுவில் தும்புத்தடியால் குறுக்கே இழுத்த சாதாரணத் தளம், இரு ஓரமும் ஒன்றரை அடிக்கு உருண்டைக்கல் தெரியும் பட்டி. மனைவியிடம் சொன்னேன், யோசிக்கிறார்.

வாவிக்கரை:
தாராளமாக. அம்மா நடப்பதற்கும் தும்புத்தடிக் கோடுதான் நல்ல பிடிமானம். பட்டியைத் தனியாக ஊற்றச் சொல்லுங்கள், இணைப்பு அந்தக் கோட்டிலேயே வரட்டும்.

கல்முனைத் தம்பி:
எனக்கு இன்னும் அச்சுதான் அழகு, அக்காவும் அதைத்தானே கேட்டார். எதைச் செய்தாலும் மேசனிடம் முதலில் 3 அடிக்கு 3 அடி மாதிரித் தளம் ஒன்றைப் பின்வளவில் போடச் சொல்லுங்கள் அண்ணன். தண்ணீர் ஊற்றி அம்மாவை அதில் நடக்கவிட்டுப் பார்த்துவிட்டு முற்பணம் கொடுங்கள்.