ஓர்கனுக்கு மிடி சவுண்ட் மொடியூல் பூட்டினேன், காலால் மிதித்தால் மேளம் அடிக்கிறது

உவர்மலை ஓர்கன்காரன் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். திருகோணமலையில் ஒரு கோயிலில் ஞாயிறு காலைப் பூசைக்கு ஓர்கன் வாசிக்கிறேன். முறையாகப் படித்தது கிடையாது, சின்ன வயதில் ஒரு சிஸ்டரிடம் பழகியதுதான். எங்களிடம் இருப்பது கையால் வாசிக்க இரண்டு தட்டும் (கட்டை வரிசை) காலால் மிதிக்க 32 கால்கட்டையும் உள்ள பழைய டிஜிட்டல் ஓர்கன். குழல் சத்தம் நல்லாய்த்தான் இருக்கிறது, ஆனால் வயலின் கூட்டம், ஆட்கள் சேர்ந்து பாடுவது போன்ற சத்தம், மணி எதுவும் அதில் இல்லை. போன மாதம் கனடாவில் இருந்து வந்த சித்தப்பா தன் வீட்டில் கிடந்த ஒரு சவுண்ட் மொடியூலை (கட்டை இல்லாமல் பல வாத்தியச் சத்தம் தரும் பெட்டி) கொண்டுவந்து தந்தார். எந்தக் கட்டையை அடித்தோம் என்று ஒரு கருவி மற்றக் கருவிக்குச் சொல்கிற வழிதான் மிடி. ஓர்கனின் பின்பக்கம் மிடி அவுட் இருக்கிறது, மொடியூலில் மிடி இன் இருக்கிறது, ஒரு கேபிள்தானே என்று நினைத்தேன்.

நேற்றுத்தான் முதல்தடவையாகப் பூசையில் வைத்து வாசித்தேன். மேல்தட்டில் வயலின் அழகாக வந்தது. காணிக்கைப் பாட்டு நடுவில் காலை வைத்தேன், மேளம் அடித்தது. பகடி விடவில்லை. ஆகக் கீழே உள்ள சி கட்டைக்கு 'டும்', அடுத்த வெள்ளைக் கட்டைக்கு 'டக்', நடுவில் ஒரு கறுப்புக் கட்டைக்கு சிஞ்சா தட்டினது போல ஒரு 'ஜ்ஜங்'. முன்வரிசைப் பிள்ளைகள் எல்லாம் திரும்பிப் பார்த்துச் சிரிக்கிறார்கள், பாதர் மட்டும் திரும்பவே இல்லை, அதுதான் எனக்குக் கூடப் பயமாக இருந்தது.

இன்னும் இருக்கிறது. கீழ்த்தட்டில் வாசித்தால் மொடியூலில் இருந்து சத்தமே வருவதில்லை. ஓர்கனில் ஸ்டொப்களை (சத்தம் தெரிவு செய்யும் தட்டிகள்) மொத்தமாக மாற்றுகிற பிஸ்டன் பட்டனை அழுத்தினால் வயலின் போய் பியானோவோ வேறு எதுவோ வந்து நிற்கிறது. இடைக்கிடை ஒரு சுரம் கையை எடுத்த பிறகும் விடாமல் கத்திக்கொண்டே இருக்கும், மொடியூலை நிற்பாட்டினால்தான் அடங்கும். இவ்வளவுக்கும் மேலே வண்டு குடைகிற மாதிரி ஒரு இரைச்சல். மொடியூலின் லெப்ட் வயரை ஓர்கனின் ஓக்ஸ் இன்னுக்கும் (வெளிச் சத்தத்தை உள்ளே எடுக்கும் துளை), ரைட் வயரை கோயில் மிக்சருக்கும் கொடுத்திருக்கிறேன், வெளியே நிற்கும் சனத்துக்கும் கேட்கட்டும் என்று. ஸ்பீக்கர் கட்டுகிற அண்ணா ஒருவர் ஓர்கன் பிளக்கின் எர்த் கம்பியை வெட்டிவிடு, இரைச்சல் போய்விடும் என்கிறார். வெட்டலாமா?

மொடியூலோடு வந்த அடப்டரில் 120 வோல்ட் என்று எழுதியிருந்ததால் அதைத் தொடவில்லை. இங்கே வோல்ட் மாற்றக்கூடிய அடப்டர் ஒன்று வாங்கி 12இல் வைத்திருக்கிறேன், கொஞ்சம் சுடுகிறது. ஓகஸ்ட் 15 மாதா திருநாளுக்கு முதல் எல்லாம் சரிவர வேண்டும்.


பழைய சோல்டர் எழுதியது:

தம்பி, மற்றக் கதையெல்லாம் பிறகு, முதலில் அந்த அடப்டரைக் கழற்று. கனடா அடப்டரை நம் 230 வோல்ட்டில் சொருகாமல் விட்டது புத்தி, ஆனால் 12 என்று யார் சொன்னது? மொடியூலின் பின்னால் கரண்ட் துளைக்குப் பக்கத்தில் எழுதியிருக்கும். 9 என்று இருந்தால் 9தான். பக்கத்தில் ஒரு சின்ன வட்டமும் கூட்டல் கழித்தல் குறியும் கீறியிருக்கும், அதைப் பார்க்காமல் சொருகவே கூடாது. 1991இல் வந்த ரோலண்ட் சவுண்ட் கேன்வஸ் எஸ்சி-55 மாதிரிப் பழைய ஜப்பான் பெட்டிகளில் நடுவில் கழித்தல், வெளியே கூட்டல். கடையில் வாங்குகிற அடப்டர்களில் அநேகமானவை நேர் எதிர். உன் பெட்டி உயிரோடு இருக்கிறபடியால் பக்கம் சரியாகத்தான் விழுந்திருக்க வேண்டும், இருந்தாலும் மீட்டர் வைத்துப் பார். மில்லி அம்பியர் பெட்டியில் போட்டிருப்பதை விடக் கூட இருந்தால் பரவாயில்லை, குறையக் கூடாது.

எர்த் கம்பியை வெட்டச் சொன்னவரிடம் ஒன்று கேள்: உள்ளே ஒரு வயர் கழன்று ஓர்கனின் இரும்புச் சட்டத்தில் பட்டால், இரண்டு கையும் இரண்டு காலும் அதிலேயே வைத்துக்கொண்டிருக்கிறவன் யார்? வெட்டாதே. ஏற்கெனவே வெட்டியிருந்தால் இன்றைக்கே பிளக்கை மாற்று.

இரைச்சல் எங்கிருந்து வருகிறது என்பதை நீயே எழுதிவிட்டாய். ஓர்கன் பீடத்துக்குப் பக்கத்தில் ஒரு சொக்கட்டில், மிக்சர் வேறெங்கோ ஒரு சொக்கட்டில், இரண்டுக்கும் எர்த் இருக்கிறது. நடுவில் நீ லெப்ட் வயரை அங்கேயும் ரைட் வயரை இங்கேயும் கொடுத்து மொடியூலைப் பாலமாக வைத்துவிட்டாய். வயரின் வெளிச்சுற்று இரண்டு எர்த்தையும் சேர்த்து ஒரு பெரிய வளையம் ஆகிவிட்டது, 50 ஹேர்ட்ஸ் கரண்ட் அதற்குள் சுற்றுகிறது. மிக்சருக்குப் போகிற வயரைக் கழற்றிப் பார், இரைச்சல் போனால் நான் சொன்னது சரி. அப்படியென்றால் இரண்டு வழி. ஓர்கனுக்கு மட்டும் கொடுத்துவிட்டு மிக்சரை மறந்துவிடு, அல்லது மிக்சர் வயரின் நடுவில் டிஐ பொக்ஸ் (சிக்னலை மிக்சருக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுக்கும் சின்னப் பெட்டி) ஒன்று போட்டு அதில் கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்சைத் தட்டு. அது சிக்னல் வயரின் எர்த்தை மட்டும்தான் துண்டிக்கும், கரண்ட் எர்த் அப்படியே இருக்கும்.

மிடி கேபிளில் பழி போடாதே. மிடி இன் துளைக்கு உள்ளே ஒப்டோ ஐசொலேட்டர் இருக்கிறது, சிக்னல் ஒரு குட்டி வெளிச்சமாகித்தான் அந்தப் பக்கம் போகும், ஓர்கனுக்கும் மொடியூலுக்கும் இடையில் அந்த வழியில் கம்பித் தொடர்பே இல்லை. ஆனால் கேபிளின் முனையை உருவிப் பார். நம் ஊர்க் கடல் காற்றுக்குப் பித்தளை என்ன ஆகும் என்று தெரியும்தானே. கேபிள் எங்கே எடுத்தாய்? பழைய டேப் ரெக்கோர்டருக்கு வருகிற ஐந்து முள் கேபிளும் இதே மாதிரித்தான் இருக்கும், உள்ளே வயர் வேறு மாதிரிப் போகும்.


மட்டக்களப்பு மெலடி எழுதியது:

மேளக் கதையை வாசித்து அலுவலகத்தில் சத்தமாகச் சிரித்துவிட்டேன், மன்னிக்கவும் தம்பி. உங்கள் கால் சரியாகத்தான் மிதித்திருக்கிறது. மிடியில் 16 சனல் (ஒரே கேபிளுக்குள் தனித்தனிப் பாதை மாதிரி) இருக்கிறது, ஜெனரல் மிடி என்று 1991இல் வந்த ஒழுங்கின்படி 10ஆவது சனல் மேளத்துக்கென்றே ஒதுக்கினது. ஓர்கன் கால்கட்டையில் ஆகக் கீழே உள்ள சி, மிடி கணக்கில் 36ஆவது சுரம். மேளப் பட்டியலில் 36 பெரிய டிரம், 38 ஸ்நேர் டிரம், 49 சிம்பல். அந்த 'ஜ்ஜங்' வந்தது இரண்டாவது சி-க்குப் பக்கத்துக் கறுப்புக் கட்டையாக இருக்க வேண்டும், எண்ணிப் பாருங்கள்.

அப்போ உங்கள் ஓர்கன் கால்கட்டையை 10இல் அனுப்புகிறது. முதல் வைத்திருந்தவர் எதற்கோ மாற்றியிருப்பார். ஓர்கனின் மிடி செட்டிங்கில் போய் மேல்தட்டு 1, கீழ்த்தட்டு 2, கால் 3 என்று வையுங்கள், மொடியூலிலும் அதே எண்களுக்குச் சத்தம் தெரிவு செய்யுங்கள். ஒரு கவனம்: சில கருவிகள் சனலை 1இல் இருந்து 16 வரை எண்ணாமல் 0இல் இருந்து 15 வரை எண்ணும். ஓர்கன் 9 என்று காட்டுவது மொடியூலுக்கு 10 ஆக இருக்கலாம், அங்கேதான் அநேகம் பேர் தலையைப் பிய்த்துக்கொள்வார்கள்.

கீழ்த்தட்டுப் பேசாததற்கு வேறு காரணம் இருக்கலாம். நிறைய ஓர்கன்களில் ஒவ்வொரு தட்டுக்கும் மிடி என்று எழுதின தனி ஸ்டொப் இருக்கும், அதைப் போட்டால்தான் அந்தத் தட்டில் இருந்து மிடி வெளியே போகும். வரிசையின் கடைசியில் பாருங்கள், யாரும் தொடாத தட்டியாக இருக்கும்.

பிஸ்டன் அழுத்தச் சத்தம் மாறுவது பிழை இல்லை, அது புரோகிராம் சேஞ்ச். 3ஆம் பிஸ்டன் அழுத்தினால் ஓர்கன் தன் ஸ்டொப்பை மாற்றுவதோடு '3ஆம் சத்தத்துக்குப் போ' என்று மொடியூலுக்கும் சொல்கிறது. முதல் எட்டு இடமும் பியானோ குடும்பம், அதனால்தான் பியானோ வருகிறது. மொடியூலில் புரோகிராம் சேஞ்ச் வாங்குவதை நிற்பாட்டி வையுங்கள். வயலின் கூட்டம் 49, பாடுகிற சத்தம் 53, குழாய் மணி 15. நீங்களே கையால் தெரிவு செய்தால் அப்படியே இருக்கும்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஓர்கன் கட்டை எவ்வளவு அழுத்தமாக அடித்தாலும் ஒரே வேகத்தைத்தான் அனுப்பும், வழக்கமாக 127இல் 64. மொடியூல் அதைப் 'பாதி பலம்' என்று எடுத்துக்கொண்டு மங்கலான சத்தம் தரும். வொலியூமைத் திருகிக்கொண்டிருக்காமல் வெலோசிட்டி செட்டிங் இருந்தால் 100 அளவில் நிலையாக வையுங்கள், வயலின் முகமே மாறிவிடும்.


டிஜிட்டல் தம்பி எழுதியது:

ஏன் இந்தப் பழைய பெட்டியோடு மல்லுக்கட்டுகிறீர்கள்? ஒரு லப்டொப், ஒரு யூஎஸ்பி மிடி கேபிள், கிரான்ட்ஓர்கு என்ற இலவச மென்பொருள். பெரிய பெரிய கோயில்களில் குழல் குழலாகப் பதிந்த சத்தமே கிடைக்கும்.


பழைய சோல்டர் எழுதியது:

அவர் கேட்டது வயலினும் மணியும், நீ கொடுப்பது இன்னொரு குழல் ஓர்கன். பூசை நடுவில் லப்டொப் அப்டேட் ஆகத் தொடங்கினால் யார் பாதருக்குப் பதில் சொல்வது? வீட்டில் பழக நல்ல சாமான்தான், மறுக்கவில்லை.


உவர்மலை ஓர்கன்காரன் எழுதியது:

இரண்டு பேருக்கும் பெரிய நன்றி. நேற்றுப் பின்னேரம் முழுக்க ஓர்கனுக்குப் பின்னால் நிலத்தில் படுத்துக் கிடந்தேன். பெட்டியில் 9 என்றுதான் போட்டிருக்கிறது, இப்போது சூடே இல்லை. கால்கட்டை 9 என்று காட்டிக்கொண்டிருந்தது, அக்கா சொன்ன மாதிரி 0இல் இருந்து எண்ணுகிற ஓர்கன்தான், மாற்றிவிட்டேன். கீழ்த்தட்டு மிடி ஸ்டொப் அகப்பட்டது, அதற்கு மேலே பழைய பாட்டு இலக்கத் துண்டு ஒன்று ஒட்டியிருந்தது. மிக்சர் வயரைக் கழற்றியவுடன் இரைச்சல் கப்பென்று நின்றது. டிஐ பொக்ஸ் கடன் கேட்டிருக்கிறேன்.

கேபிள் முள்ளில் பச்சையாகப் பூத்துப் போய் இருந்தது, கொன்டக்ட் கிளீனர் அடித்துத் துடைத்தேன். ஆனால் சுரம் கத்துவது மட்டும் போகவில்லை. ஒவ்வொரு கட்டையாக ஒரு மணித்தியாலம் அடித்துப் பார்த்தேன், ஒன்றும் ஒட்டவில்லை. பாடகர் குழு வந்து பழகத் தொடங்கினால் இரண்டு தரம் கத்துகிறது.


பழைய சோல்டர் எழுதியது:

கேபிளைச் சோதிக்க ஒரு வழி. ஓர்கனில் இருந்து வருகிற மிடி கேபிளின் மறுமுனையில் நடு முள்ளுக்கு இரண்டு பக்கமும் ஒட்டி நிற்கிற முள் இரண்டிலும் ஒரு சிவப்பு எல்இடியின் காலைப் பிடி. கட்டையை அடிக்கும்போது மினுங்க வேண்டும், மினுங்காவிட்டால் காலை மாற்றிப் பிடி. அடிக்கும்போது ஒரு தரம், எடுக்கும்போது ஒரு தரம் துடிக்கும். கேபிளை ஆட்டி ஆட்டிப் பார், எடுக்கிற துடிப்புத் தவறினால் மொடியூலுக்கு நீ கையை எடுத்தது தெரியவே தெரியாது, அது பாட்டில் கத்தும்.


மட்டக்களப்பு மெலடி எழுதியது:

தனியே வாசித்தால் வராதது குழுவோடு வருகிறது என்றால் எனக்கு வேறொரு சந்தேகம். பிள்ளைகளுக்குச் சுருதி எட்டவில்லை என்று பாட்டு நடுவில் ட்ரான்ஸ்போஸ் (எல்லாக் கட்டையின் சுருதியையும் ஒன்றாக ஏற்றி இறக்குவது) திருகுவீர்களா? கட்டையை ஒரு கையால் பிடித்துக்கொண்டே?


உவர்மலை ஓர்கன்காரன் எழுதியது:

எல்இடி ஒழுங்காக மினுங்குகிறது, கேபிளில் பிழை இல்லை. அக்கா, நீங்கள் கோயிலுக்குள் எங்கேயாவது ஒளிந்திருந்து பார்த்தீர்களா? இடது கையில் கடைசிச் சுரத்தைப் பிடித்தபடி வலது கையால் ட்ரான்ஸ்போஸை ஒன்று குறைப்பேன், சத்தம் அறாமல் அடுத்த பாட்டுக்குப் போகலாம் என்று. எப்போதும் அப்படித்தான் செய்வேன்.


மட்டக்களப்பு மெலடி எழுதியது:

அதேதான். நீங்கள் பிடிக்கும்போது ஓர்கன் '60ஐ அடி' என்று அனுப்பிவிட்டது. ட்ரான்ஸ்போஸ் ஒன்று குறைந்த பிறகு கையை எடுத்தால் '59ஐ விடு' என்று அனுப்புகிறது. 60ஐ விடச் சொல்லி யாரும் சொல்லவில்லையே, பாவம் மொடியூல் என்ன செய்யும். ஓர்கனுக்குள் இருக்கிற சத்தத்துக்கு இந்தக் குழப்பம் இல்லாதபடியால்தான் இவ்வளவு காலமும் உங்களுக்குத் தெரியவில்லை. கையை முழுதாக எடுத்துவிட்டுத் திருகுங்கள், அரை மூச்சு இடைவெளி வந்தால் சனம் சாகாது. தப்பித்தவறி ஒட்டினால் மொடியூலை நிற்பாட்ட வேண்டாம், பெனிக் என்றோ ஓல் நோட்ஸ் ஓஃப் என்றோ ஒரு பட்டன் இருக்கும். இல்லாவிட்டால் மிடி ஸ்டொப்பை ஒருக்காப் போட்டு எடுங்கள், சில ஓர்கன் அதற்கும் அந்தக் கட்டளையை அனுப்பும்.


உவர்மலை ஓர்கன்காரன் எழுதியது:

இன்று காலை பூசை முடிந்து வந்து எழுதுகிறேன். ஒரு சுரமும் ஒட்டவில்லை. பாதர் வெளியே வரும்போது 'இன்றைக்கு வயலின்காரரைக் கூட்டிவந்தாயா' என்று கேட்டார். குழுவில் தாளம் தட்டுகிற பெடியன் மட்டும் மேளம் போனதில் கவலை, அந்த 10ஆம் சனல் செட்டிங்கை நத்தாருக்கு எடுத்து வைக்கட்டாம். பாதரிடம் போய்க் கேட்கப் போவது நான் இல்லை.